குட்டி யானைக்கு என்ன தீனி?

சின்ன லோடு வண்டி ஒன்று வாங்கப் போகிறேன் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிப் பாருங்கள். "டீசல் எடுங்கண்ணே, அதுதான் இழுக்கும்" என்பார் ஒருவர். "இப்ப எவன் டீசல் எடுக்கிறான்? செலவு வச்சே கொன்னுடும். பெட்ரோல் போங்க" என்பார் இன்னொருவர். இருவரும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கேட்பவருக்குத் தலைசுற்றல்.

தமிழ்நாட்டில் குட்டி யானை என்று பெயர் வாங்கிய டாடா ஏஸையே எடுத்துக்கொள்வோம். 2005-இல் சந்தைக்கு வந்தபோது அதற்குள் இருந்தது 702 சிசி டீசல் எஞ்சின். இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். 2020-இல் அதே குட்டி யானை பெட்ரோலிலும் வந்தது. 694 சிசி, அதே இரண்டு சிலிண்டர், ஆனால் 30 குதிரைத்திறன். எஞ்சினின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். தீனியை மாற்றியதும் குதிரைகள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டன. அப்படியென்றால் பாரம் சுமப்பதற்கென்றே பிறந்த வண்டிக்கு முதலில் ஏன் பலம் குறைந்த எஞ்சினை வைத்தார்கள்? லாரியும் டிராக்டரும் ஏன் இன்னும் டீசலை விடவில்லை? குட்டி யானை மட்டும் ஏன் பெட்ரோல் பக்கம் திரும்பியது?

மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான்: டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதன் சிக்கனம், எடை, விலை, புகை, இன்றைய பராமரிப்புத் தலைவலி எல்லாமே இந்த ஒரு இல்லாமையிலிருந்து கிளைத்தவை. அதைப் புரிந்துகொண்டால் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்விகள் தாமே வந்துவிடும்.

தீக்குச்சிக்கு மசியாத எண்ணெய்

பெட்ரோல் பக்கத்தில் தீக்குச்சியைக் கொண்டுபோனாலே குப்பென்று பிடிக்கும். சாதாரண வெப்பத்தில் இருக்கும் டீசலில் குச்சி விழுந்தால் பெரும்பாலும் அணைந்துபோகும். (செய்து பார்க்க வேண்டாம், "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி யாரும் விரலைச் சுட்டுக்கொள்ளக் கூடாது.) இவ்வளவு சோம்பேறியான எண்ணெய், பொறியே இல்லாத எஞ்சினுக்குள் எப்படி எரிகிறது?

தீப்பிடிப்பது என்பதில் இரண்டு தனிக் குணங்கள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, ஆவியாகும் குணம். திரவம் எரிவதில்லை, அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் பற்றக்கூடிய அளவு ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். டீசல் 50 டிகிரியை ஒட்டிச் சூடானால்தான் அந்த நிலைக்கு வரும். தீக்குச்சிச் சோதனையில் நாம் பார்ப்பது இந்தக் குணத்தை.

இரண்டாவது, நெருப்பைக் காட்டாமல் வெறும் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் குணம். இதைத் தன்பற்று வெப்பநிலை என்று அழைக்கலாம். இங்கே ஆட்டம் தலைகீழ். டீசலுக்கு அது சுமார் 210 டிகிரி. பெட்ரோலுக்கு 250-க்கு மேல். டீசலின் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள். சூடு ஏறினால் அவை சீக்கிரம் அறுந்து ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். பெட்ரோலின் மூலக்கூறுகள் குட்டையானவை, கிளைவிட்டவை, எளிதில் அறுபடாது.

ஆக, பெட்ரோலுக்குப் பொறி வேண்டும், டீசலுக்குச் சூடு போதும். அந்தச் சூட்டை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் அடுத்த சிக்கல்.

சூட்டைக் காற்றிலிருந்தே எடுப்பது

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு விடை கையிலேயே இருந்தது. நாலு அடி வேகமாக அடித்ததும் பம்பின் அடிப்பகுதி சுடும். உராய்வு கொஞ்சம், மீதி, காற்றைச் சட்டென்று அமுக்கியதால் வந்த சூடு. ஜாவாவிலும் மலாய் நாடுகளிலும் முன்பு இதை வைத்தே தீ மூட்டியிருக்கிறார்கள். மூங்கில் அல்லது கொம்பால் ஆன சின்னக் குழாய், அதற்குள் இறுக்கமாக இறங்கும் ஒரு தண்டு, தண்டின் முனையில் பஞ்சு. ஓங்கி ஒரே குத்து. வெளியே எடுத்தால் பஞ்சில் கனல்.

ருடால்ஃப் டீசல் 1892-இல் காப்புரிமை கேட்டபோது சொன்னதும் இதைத்தான், கணக்குகளோடு. சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் விடு. அதைக் கடுமையாக அமுக்கு. அது கனலும் நேரத்தில் எரிபொருளைப் பீய்ச்சு. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் வருடக்கணக்கில் போராடி 1897-இல் ஓட்டிக்காட்டிய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை 10 சதவீதத்தை எட்டவே திணறிக்கொண்டிருந்தன.

எவ்வளவு அமுக்கம்? இன்றைய டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது 16 முதல் 18 பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. இதற்கு அமுக்க விகிதம் என்று பெயர். அந்த நெருக்கலில் காற்றின் சூடு 500, 600 டிகிரியைத் தொடும். டீசலுக்கு 210 போதும் என்று பார்த்தோம். உள்ளே போன நொடியில் பற்றிக்கொள்ளும். பிளக்குக்கு வேலை இல்லை. (குளிர்ந்த காலையில் உதவுவதற்கென்று இருக்கும் ஹீட்டர் பிளக் வேறு. அது பொறி தருவதில்லை. சிலிண்டரைச் சூடாக்கும், அவ்வளவுதான்.)

பெட்ரோல் எஞ்சினில் இந்த விகிதம் பொதுவாக 9-இலிருந்து 11-க்குள். அங்கே காற்றும் பெட்ரோலும் முன்கூட்டியே கலந்து உள்ளே வருகின்றன. அதிகம் அமுக்கினால், பிளக் மூட்டிய தீ பரவி வந்து சேர்வதற்குள் ஒரு மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானே வெடிக்கும். மேடேறும்போது எஞ்சினிலிருந்து "டக் டக்" என்று வரும் சத்தத்தை ஓட்டுநர்கள் நாக்கிங் என்பார்கள். அது இந்தத் தன்வெடிப்பின் சத்தம். டீசலிடம் இந்தப் பயம் இல்லை. அமுக்கும்போது சிலிண்டரில் இருப்பது வெறும் காற்று. வெடிக்க அங்கே எதுவும் கிடையாது.

அமுக்கம் கூடினால் பிறகு வாயு விரியவும் அதிக இடம் கிடைக்கும்; விரியும்போதுதான் அது பிஸ்டனைத் தள்ளி வேலை செய்கிறது. டீசலின் சிக்கனத்துக்கு முதல் காரணம் இது.

கழுத்தை நெரிக்கும் கதவு

இரண்டாவது காரணத்தைப் பலரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முதல் காரணத்தைவிடச் சுவையானதாகத் தோன்றுகிறது.

பெட்ரோல் ஒழுங்காக எரிய, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் கலவை சரியாகப் பற்றாது. அதனால் மெதுவாகப் போக வேண்டுமென்றால் பெட்ரோலை மட்டும் குறைத்தால் போதாது; காற்றையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். அதற்காகவே காற்று நுழையும் வழியில் ஒரு தகடு இருக்கிறது, திராட்டில். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க எடுக்க அது மூடிக்கொள்ளும். எஞ்சின் பாடு, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் பாடு. உள்ளே இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் அது உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்கும் காசு கொடுப்பது நாம்தான்.

டீசல் எஞ்சினுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மூச்சு முழுவதையும் தடையில்லாமல் இழுக்கும். சக்தி வேண்டுமானால் அதிகம் டீசலைப் பீய்ச்சும், வேண்டாமென்றால் கொஞ்சம் பீய்ச்சும். துளி விழுந்த இடத்தில் எரியும், மற்ற இடத்தில் காற்று சும்மா கிடக்கும். வண்டி ஆற அமரப் போகும்போது தேவையைப் போல மூன்று நான்கு மடங்கு காற்று உள்ளே இருக்கும்.

இந்த மிச்சக் காற்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டீசலின் வரம் அது. பின்னால் சாபமாகவும் வரப்போவது அதுவே.

சரி, 16 குதிரைக்கும் 30 குதிரைக்கும் என்ன விளக்கம்? டீசலைப் பீய்ச்சி, துளி ஆவியாகி, காற்றோடு கலந்து, பிறகு எரிய வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். அதனால் எஞ்சினை அதிக வேகத்தில் சுழற்ற முடியாது. உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் பயன்படுத்தும் அளவுக்கு டீசலை விட்டாலும் ஆபத்து: கலக்க நேரமில்லாத துளிகள் கரியாகி சைலன்சர் வழியே கரும்புகையாக வெளியேறும். பெட்ரோலில் எல்லாம் முன்பே கலந்து வருவதால் வேகமாகச் சுழலலாம், உள்ளே வந்த காற்று முழுவதையும் செலவழிக்கலாம். டர்போ வைக்காத டீசல் எஞ்சின் அதே அளவு பெட்ரோல் எஞ்சினிடம் குதிரைத்திறனில் தோற்பது இதனால்தான். டர்போ வைத்துக் காற்றை வலிய உள்ளே தள்ளினால் கதை மாறும். இன்று ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும் பிக்கப் டீசல்களில் டர்போ இல்லாததைப் பார்ப்பது அரிது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு

குதிரைத்திறன் பாதி என்றால் மலையேறுமா? ஒரு பயணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இடையில் குன்னூர் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சாலை. அரிசியும் மளிகையும் சிமென்ட்டும் மேலே போகின்றன. கேரட்டும் உருளைக்கிழங்கும் கீழே இறங்கி மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு வருகின்றன. நம் வண்டி, சரக்கோடு சேர்த்து மொத்தம் 1.5 டன் என்று வைத்துக்கொள்வோம்.

ஆற்றலை அளக்க மெகாஜூல் என்று ஓர் அலகு உண்டு. 100 கிலோ மூட்டையை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் கிட்டத்தட்ட ஒரு மெகாஜூல் செலவு. நம் வண்டி அப்படிப்பட்ட 15 மூட்டை. ஏறும் உயரம் 1.9 கிலோமீட்டர். பெருக்கினால் 28 மெகாஜூலுக்குக் கொஞ்சம் மேல். டயர் உருள்வதற்கும் காற்றை விலக்குவதற்கும் இந்த 50 கிலோமீட்டரில் இன்னொரு 11, 12 மெகாஜூல் ஆகும். மொத்தம் 40.

இந்த 40-ஐ இரண்டு மணி நேரத்தில், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் செலவழித்தால் எஞ்சின் தர வேண்டியது எவ்வளவு? எட்டுக் குதிரைத்திறனுக்கும் குறைவு! செங்குத்தான இடங்களில் இதைப் போல இரண்டு மடங்கு தேவைப்படலாம். 2005-இன் 16 குதிரைக் குட்டி யானை இறுக்கமாகத்தான், ஆனாலும் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. சரக்கு ஏற்றுவதற்கு நாம் நினைப்பதைவிடக் குறைந்த குதிரைகளே போதும். வேகமாக ஏறுவதற்குத்தான் குதிரைகள் நிறைய வேண்டும்.

வளைவில் நடப்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் வண்டி ஏறக்குறைய நின்றேவிடும். அந்த நேரத்தில் எஞ்சின் எத்தனை குதிரை என்று யாரும் கேட்பதில்லை. குறைந்த சுழற்சியில் அது சக்கரத்தை எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பதுதான் கேள்வி. பாடப்புத்தகம் இதை முறுக்குவிசை என்கிறது, ஓட்டுநர்கள் இழுவை என்கிறார்கள். குதிரைத்திறன் என்பது இழுவையும் சுழற்சி வேகமும் பெருகி வருவது. பெட்ரோல் எஞ்சின் தன் 30 குதிரையைக் காட்ட நிமிடத்துக்கு 4,000 சுற்றை ஒட்டி அலற வேண்டும். டீசல், அதுவும் டர்போ டீசல், 1,500 சுற்றுக்குப் பக்கத்திலேயே முழு இழுவையைத் தந்துவிடும். பெட்ரோல் வண்டியும் அதே வளைவில் ஏறும், சந்தேகம் வேண்டாம். கியரை ஒன்று கூடுதலாக இறக்கி, எஞ்சினைக் கத்தவிட்டு ஏறும். தினமும் மலையேறுகிறவருக்கு அந்த வித்தியாசம் கிளட்ச் தட்டிலும் இடது முழங்காலிலும் தெரியும்.

இனி எரிபொருள். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருக்கிறது, தூய பெட்ரோலில் 32. டீசல் அடர்த்தியானது, லிட்டருக்கு எடை கூடுதல், ஆகவே ஆற்றலும் கூடுதல். டீசல் மைலேஜின் ஒரு பகுதி எஞ்சினின் திறமையால் வருவதில்லை, லிட்டர் என்ற அளவையால் வருகிறது. போதாததற்கு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல்தான் என்பதால் கலவையின் ஆற்றல் சுமார் 30-க்கு இறங்குகிறது.

நல்ல டீசல் எஞ்சின் ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் என்று கொள்வோம். பெட்ரோல் எஞ்சின் கால் பங்கைவிடச் சற்று அதிகம், 28 சதவீதம். அப்படியானால் ஊட்டி போய்ச் சேர டீசல் 3.3 லிட்டர், பெட்ரோல் 4.8 லிட்டர். 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் இருந்த விலையைப் போட்டால், பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92. ஏற்றத்துக்கு மட்டும் டீசல் வண்டிக்கு 305 ரூபாய்க்குள், பெட்ரோல் வண்டிக்கு 485. ஒரு நடைக்கு 180 ரூபாய் மிச்சம்.

இதில் இரண்டு உபகதைகள். முழு ஏற்றத்தில் பெட்ரோல் வண்டியின் திராட்டில் அகலத் திறந்தே இருக்கும், கழுத்து நெரிபடுவதில்லை. அதாவது மலையேற்றம் பெட்ரோல் எஞ்சின் தன் திறமையின் உச்சத்தில் ஓடும் நேரம். பாதி லோடோடு சமதளத்தில் உருளும்போதுதான் சதவீதக் கணக்கில் அது டீசலிடம் இன்னும் பின்தங்குகிறது. பாரம் இருந்தால்தான் டீசலுக்கு லாபம் என்று எல்லோரும் சொல்வது இயற்பியலில் பாதி உண்மைதான். பாரம் இருந்தால் எரிபொருள் அதிகம் செலவாவதால் மிச்சமாகும் ரூபாய் பெரிதாகத் தெரிகிறது.

மற்றொன்று, ஊட்டியின் காற்று. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின், டீசலோ பெட்ரோலோ, மேலே போகப் போக மூச்சுக் குறைந்து பலமிழக்கும். டர்போ அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

இறங்கும்போது

பெட்ரோல் வண்டியில் காலை எடுத்தால் திராட்டில் மூடிக்கொண்டு எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். டீசலில் மூடக் கதவில்லை. அமுக்கிய காற்று விரியும்போது வாங்கிய உழைப்பில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். அதனால் இறக்கத்தில் டீசலின் பிடிப்பு எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. கனரக லாரிகளில் புகைவழியை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைப்பது இதை ஈடுகட்டத்தான். பிரேக் மிதியை இலகுவாக்கும் வெற்றிடமும் டீசலில் சும்மா கிடைக்காது. அதற்கென்று எஞ்சினால் ஓடும் ஒரு சின்னப் பம்ப் இருக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டினால் முதலில் போவது அந்த உதவிதான். நாலு மிதிக்குள் பிரேக் கல்லாகிவிடும்.

மிச்சக் காற்றுக்கு வட்டி

பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்வது ஒப்பீட்டளவில் எளிது. எரிந்து முடிந்ததும் ஆக்சிஜன் மிச்சமில்லை. புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கித் தேன்கூடு, நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி கார்பன் மோனாக்சைடுக்குக் கொடுத்துவிடும். ஒரு நச்சைக் கொண்டு இன்னொரு நச்சைத் தீர்க்கும் ஏற்பாடு.

டீசல் புகையில் அது நடக்காது. ஆக்சிஜன் தாராளமாக மிச்சமிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு போய்விடும். நைட்ரஜன் ஆக்சைடை யாரும் சீண்ட மாட்டார்கள். எந்த மிச்சக் காற்று சிக்கனத்தைத் தந்ததோ அதுவே சுத்தம் செய்ய விடாமல் தடுக்கிறது. கலக்காத துளிகளால் வரும் கரித்துகள் வேறு.

2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ். 6 விதிகள் நாடு முழுவதும் வந்தபோது இந்தக் கடன் வசூலுக்கு வந்தது. கார்களில் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரை விடலாம் என்றிருந்த டீசலின் நைட்ரஜன் ஆக்சைடு 80-க்கு இறங்க வேண்டியிருந்தது. வண்டியின் அளவுக்கேற்ப கரி வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்துவைக்கும் கூண்டு, யூரியாக் கரைசல் தொட்டி என்று ஒவ்வொன்றாகப் புகைக்குழாயில் ஏறின. ஆட்ப்ளூ என்று கேன்களில் விற்கிறார்களே, அது 32.5 சதவீத யூரியாவும் தூய நீரும். ஒவ்வொன்றும் விலை. மாருதி அந்த ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்தியது. 2016-இல் 793 சிசி டீசலோடு வந்த அதன் சூப்பர் கேரி லோடு வண்டி இன்று பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் மட்டுமே கிடைக்கிறது. குட்டி யானைக்குப் பெட்ரோல் எஞ்சின் வந்ததும் அதே 2020-இல்தான். எஞ்சின் சின்னதாக ஆக ஆக, அதன் விலையில் இந்தக் கருவிகளின் பங்கு பெரிதாகிக்கொண்டே போகும்.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது கரி வடிகட்டி, மெக்கானிக் மொழியில் டிபிஎஃப். பீங்கான் தேன்கூடு கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் சுமார் 600 டிகிரியில் அதை எரித்துச் சாம்பலாக்கும். அந்தச் சூடு வர வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட வேண்டும். கோயம்பேட்டில் காய் ஏற்றி, நாலு தெரு தள்ளி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மறுபடி நாலு தெரு போகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்; அசட்டை செய்தால் ஒர்க்‌ஷாப்தான். "டீசல் செலவு வச்சே கொன்னுடும்" என்றவர் அநேகமாக இப்படி ஓட்டுகிறவர்.

நாசிலின் நுண்மை

அந்தச் செலவுக்கு இன்னொரு முகம் உண்டு. பெட்ரோலை உள்ளே விடச் சாதாரண வண்டிகளில் மூன்று நான்கு மடங்கு வளிமண்டல அழுத்தம் போதும். இன்றைய டீசல் நாசில் அமுங்கிக் கனன்ற காற்றுக்குள் டீசலைப் பனிபோலத் தூவ வேண்டும். அதற்கு 1,600 மடங்கு, சில எஞ்சின்களில் 2,000 மடங்கு அழுத்தம். நாசிலின் துளை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி. பம்புக்குள் அசையும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள வெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமனை இருபதாகப் பிளந்தால் ஒரு பங்கு. அந்த இடைவெளிக்கு உயவு போடுவது டீசலே. மண்ணெண்ணெய் கலந்த டீசல் ஏன் பம்பைத் தின்றுவிடுகிறது என்பது இப்போது புரியும். மண்ணெண்ணெய் எரியும், வழுக்காது. தண்ணீர் கலந்தால் இன்னும் மோசம்.

சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும் பெட்ரோலைவிட மிக அதிகம் என்பதால் டீசலின் பிளாக், கிராங்க், பேரிங் எல்லாம் கனமாகச் செய்யப்படுகின்றன. ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் நீண்ட காலம் உழைப்பதும், கெட்டால் பெரிய பில் வருவதும் இதனால்தான்.

எத்தனை கிலோமீட்டர்?

இயற்பியல் இவ்வளவுதான். மீதி, கடைக் கணக்கு. அன்றாட ஓட்டத்தில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் 20 என்று வைக்கிறேன். கணக்குக்காக எடுத்த எண்கள். உங்கள் வண்டியின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பு பார்த்த விலைப்படி பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 6.73 ரூபாய், டீசலுக்கு 4.60. வித்தியாசம் 2.13 ரூபாய். டீசல் வண்டிக்கு ஆரம்ப விலை, கடன் வட்டி, கூடுதல் பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் அதிகம் என்றால், அது திரும்பி வர 47,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

தினம் 40 கிலோமீட்டர், வருடம் 300 நாள் ஓடும் ஊருக்குள் வண்டிக்கு இது கிட்டத்தட்ட நாலு வருடம். வங்கிக் கடன் முடியும்போதுதான் லாபமே தொடங்கும். அதற்குள் கரி வடிகட்டி ஒரு தடவை மாற்ற நேர்ந்தால் அதுவும் இல்லை. தினம் 150 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். முதலாமவர் டீசல் எடுப்பதும் இரண்டாமவர் பெட்ரோல் எடுப்பதும் ஒரே அளவு தவறு. ஷோரூம் விற்பனையாளர் இழுவையைப் பற்றியும் ஏசியைப் பற்றியும் பேசுவார். நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் எவ்வளவு நேரம் அணைக்காமல் ஓடும் என்று அவர் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லிவிடுவது நல்லது.

டீசல்தான் லாபம் என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வதற்கும் நியாயம் இருக்கிறது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41. மேலே போட்ட அதே மைலேஜுக்கு அன்று டீசல் ஓட்டச் செலவு பெட்ரோலில் பாதிக்கும் குறைவு. பெட்ரோல் விலையை 2010-இல் சந்தையிடம் விட்ட அரசு, டீசலை 2014 அக்டோபர் வரை பிடித்து வைத்திருந்தது. இடையில் மானியம் கரைந்து இன்று அந்தச் செலவு மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. எஞ்சினின் குணம் மாறவில்லை, விலைப்பட்டியல் மாறியது.

போட்டிக்கு இப்போது சிஎன்ஜியும் வந்திருக்கிறது. அது ஏன் பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சினிலேயே பொருத்தப்படுகிறது என்று சிலர் கேட்பதுண்டு. சிஎன்ஜியின் பெரும்பகுதி மீத்தேன். அதன் தன்பற்று வெப்பநிலை 500 டிகிரிக்கு மேல். டீசல் எஞ்சினின் அமுக்கச் சூடு அதற்கு நம்பகமாகப் போதாது, பொறி கட்டாயம் வேண்டும். கிலோமீட்டர் செலவு குறைவுதான். பதிலுக்குக் கனமான உருளையைச் சுமக்க வேண்டும், நிரப்பும் நிலையம் வழியில் இருக்க வேண்டும். நகரத்துக்குள் சுற்றும் முக்கால் டன் வண்டிகளில் பெட்ரோல், சிஎன்ஜி, மின்சாரம் மூன்றும் டீசலின் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. ஒசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் போன்ற ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளில் இன்றும் பெரும்பாலும் டீசல்தான் ஓடுகிறது.